அம்மா பார்த்த பாலைவனம்

அண்ணா பட்டாளத்தில் சேர்ந்தது துப்பாக்கி பிடிக்க அல்ல, டைப் அடிக்க. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், நாற்பத்தொன்றாம் வருஷம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ராணுவ லாரிப் பிரிவு ஒன்றில் கிளார்க் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். அம்மா மட்டும், "டைப் அடிக்கறதுக்கு எதுக்குடா கப்பல் ஏறணும்?" என்று கேட்டாள். அவன் சிரித்தான்.

மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தேன். அடுத்தது காலேஜா கல்யாணமா என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. அண்ணா போன பிறகு அந்த இரண்டு அறைகளும் திடீரென்று பெரியதாகிவிட்டன.

அவன் கடிதங்கள் இங்கிலீஷில் வரும். தமிழில் எழுதினால் தணிக்கைக்காரர்கள் கையில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் படித்துத் தமிழில் சொல்வேன். கடிதங்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. எங்கே இருக்கிறான் என்று எழுதக் கூடாது. பாலைவனம் என்று மட்டும் எழுதுவான். வட ஆப்பிரிக்காவாகத்தான் இருக்கும் என்று அப்பா பேப்பரைப் பார்த்து என்னிடம் சொல்லியிருந்தார். மணல், ரொட்டியில் மணல், டைப்ரைட்டரில் மணல், காதில் மணல்.

"மணல்னா எப்படி? ஜுஹூவில இருக்கே, அந்த மாதிரியா?" என்று அம்மா கேட்பாள்.

"அதைவிட நிறைய."

"சமுத்திரம் இல்லாத ஜுஹூவா?"

எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நானும் பாலைவனத்தைப் பார்த்தவள் இல்லை. அண்ணாவுக்குக் குதிரைக்காரர்கள் வரும் அமெரிக்கப் படங்கள் என்றால் பைத்தியம். கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். நான் பார்த்த ஒரே பாலைவனம் அதுதான்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாதரில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சினிமாக் கொட்டகை. ஞாயிறு காலைகளில் அங்கே பழைய இங்கிலீஷ் படங்கள் போடுவார்கள். வாசலில் பெரிய போஸ்டர்: கண்ணுக்கெட்டிய தூரம் மணல், மேஜை போலத் தலை தட்டையான செங்குத்து மலைகள், ஆள் உயரக் கள்ளிகள், நடுவில் குதிரை மேல் ஒருவன். அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு அவளைச் சுற்றிப் போனார்கள்.

"இதானாடி?" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. அது அமெரிக்கா, அண்ணா இருப்பது ஆப்பிரிக்கா என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் அவள் முகத்தில் பல மாதங்களாக நான் காணாத ஒரு தெளிவு இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"ஆமாம்மா. இதான்" என்றேன்.

அடுத்த ஞாயிறு, கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு நாங்கள் அந்தக் கொட்டகைக்குப் போனோம். மடிசார் கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் அம்மா ஒருத்திதான். முதுகை நாற்காலியில் சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள். கதையை அவள் கவனிக்கவே இல்லை. யார் யாரைச் சுடுகிறான், எதற்காகத் துரத்துகிறான் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு.

"நெழலே இல்லையேடி. மத்தியானம் எங்க ஒக்காருவா?"

"எல்லாரும் தொப்பி போட்டுண்டிருக்காளே. அவனுக்கும் குடுத்திருப்பாளோ?"

"குதிரை ஏறத் தெரியாதே அவனுக்கு."

"அவனுக்கு லாரிம்மா. மெதுவாப் பேசு."

ஒரு காட்சியில் கதாநாயகன் பாறை இடுக்கில் மண்டியிட்டுத் தண்ணீர் அள்ளிக் குடித்தான். அம்மா பெரிதாக மூச்சு விட்டாள். பக்கத்தில் இருந்த பார்சிக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது, "அதெல்லாம் நடிக்கறவாம்மா" என்று தொடங்கினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்போது ஒரு யோசனை வந்தது.

"நேக்குத் தெரியாதா? ஆள்தான் வேஷம். மண்ணு வேஷம் போடுமோ?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்படிப்பட்ட படம் எப்போது வந்தாலும் போனோம். மாதத்தில் இரண்டு, சில மாதம் மூன்று. பழகப் பழக எனக்கு அந்த ஞாயிறுகள் இல்லாமல் முடியவில்லை. அம்மாவுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனால் சனிக்கிழமை இரவே புடவையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்து மடிப்பு விழச் செய்தவள் நான். அண்ணா ஊரில் இருந்திருந்தால் மாதம் மூன்று படம் எனக்குக் கிடைத்திருக்குமா? இதை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

படத்துக்கு முன்னால் யுத்தச் செய்திகள் போடுவார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அம்மா தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிடுவாள். முடிந்த பிறகு நான் தொட்டுச் சொல்ல வேண்டும். பல வாரங்களில் அதில் காட்டியது வட ஆப்பிரிக்காதான். அண்ணா இருந்த மண் அந்தப் பத்து நிமிஷமும் அவள் எதிரே ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். தட்டையான தரை, புழுதி, லாரிகள். முடிந்ததும், "ஆச்சும்மா, இனிமே பாரு" என்பேன். அவள் நிமிர்ந்து அமெரிக்காவைப் பார்ப்பாள்.

அண்ணாவுக்கு எழுதும் கடிதங்களில் அவள் புத்திமதிகள் மாறின. தொப்பி இல்லாமல் போகாதே. தண்ணீர் தீர்ந்தால் மலை இடுக்கில் பார். கள்ளிக்குப் பக்கத்தில் உட்காராதே, பாம்பு இருக்கும். நான் அப்படியே எழுதி அனுப்பினேன். நாற்பத்திரண்டில், கோடை பிறக்கும் சமயத்தில் பதில் வந்தது. வழக்கமான விஷயங்களுக்குப் பிறகு கடைசியில் அண்ணா எழுதியிருந்தான்: "அம்மா எந்த மலையைச் சொல்கிறாள்? இங்கே ஒரு மலையும் இல்லை. யார் அவளுக்கு இதையெல்லாம் சொல்வது?"

அந்த வரிகளை நான் அம்மாவுக்குப் படிக்கவில்லை. "சௌக்கியமா இருக்கான். உன்னை நமஸ்காரம் பண்றதாச் சொல்லியிருக்கான்" என்று முடித்துவிட்டேன். அவன் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான்.

ஆடி மாதம் தந்தி வந்தது. அப்பா வாசித்தார். காணவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"காணலைன்னா? தேடுவாளோல்லியோ?" என்றாள் அம்மா.

"தேடுவா" என்றார் அப்பா.

அந்த ஆகஸ்டில் ஊர் கொந்தளித்தது. டிராம்களை எரித்தார்கள், கல்லெறி, தடியடி. கொட்டகைகளும் சில வாரம் மூடிக் கிடந்தன. அம்மா கூண்டில் அடைத்ததுபோல இருந்தாள். மறுபடி திறந்தவுடன், இம்முறை அவளே போஸ்டரைப் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினாள். இப்போது அவள் பார்க்கும் விதம் வேறு. முன்பு தரையைப் பார்த்தவள், இப்போது அதில் நிற்கும் ஆட்களைப் பார்த்தாள். கதாநாயகர்களை அல்ல. கிணற்றடியில் நிற்பவர்கள், வண்டிக்குப் பின்னால் நடப்பவர்கள், கூட்டத்தில் முகம் தெரியாமல் போகிறவர்கள்.

ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்துவிடும்போல இருந்தது.

"அதோ, முதுகைக் காட்டிண்டு நிக்கறானே. தோளைப் பாரு. தோளைப் பாரேன்!"

தொட்டியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். ஒடுங்கிய தோள், இடது பக்கம் கொஞ்சம் சரிந்தது. அண்ணாவுக்கும் அப்படித்தான். அவன் திரும்புவதற்குள் காட்சி மாறிவிட்டது.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அம்மா, அது வேறு தேசம், வேறு ஆள், எப்போதோ எடுத்த படம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் சந்தோஷமாக இருந்தாள். "அடுத்த வாரமும் வரலாம். திரும்பறானான்னு பாக்கணும்" என்றாள். அடுத்த வாரம் போனபோது படத்தை மாற்றியிருந்தார்கள். ஏதோ ஆட்டமும் பாட்டுமாக ஒரு கப்பல் கதை. அம்மா அதையும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ரேஷன் ஆபீஸில் வேலை கிடைத்தது. சலிப்பும் வந்துவிட்டது; குதிரைக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். ஆனால் ஞாயிறு வந்தால் அம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கூட்டிக்கொண்டு போவேன். அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு லீவு நாள் மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். அப்பா திறந்தார். பட்டாளத்துக் கோட்டு போட்ட ஒரு மனிதர் மாடிப்படி ஓரமாகத் தள்ளி நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பல் பாதி இல்லை.

"இது கிளார்க் சாமி வீடுதானே? கிங்ஸ் சர்க்கிள், கோயிலுக்குப் பொறத்தால, ரெண்டாம் மாடின்னு அவிய சொல்லியிருந்தாவ. நான் தாராவியில இருக்கேன். பட்டாளத்துல அவிய கம்பெனியில லாரி ஓட்டுனவன்."

அப்பா நிலைப்படியிலேயே நின்றார். உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர் தயங்கியது எனக்குத் தெரிந்தது. அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"உள்ள வரச் சொல்லுங்கோ" என்றாள்.

அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். பிடிபட்டு, முதலில் இத்தாலியிலும் பிறகு ஜெர்மனியிலுமாக மூன்று வருஷம் சிறையில் இருந்ததாகச் சொன்னார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தார். கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"பின்வாங்கி வாரோம். எங்க லாரி கடைசி. பிளேன் வந்து சுட்டான். கிளார்க் சாமி எம் பக்கத்துல உக்காந்திருந்தாவ. அவியளுக்குத் தொடையில பட்டுட்டு. லாரியும் போச்சு. அதுக்கு அடியில நெழல்ல போட்டு, நானும் இன்னொருத்தனும் கூடவே இருந்தோம். ஒண்ணர நாளு இருந்தாவ. மறுநா சாயங்காலம் போயிட்டாவ. அதுக்கு மறுநாதான் ஜெர்மன்காரன் வந்து எங்களைப் புடிச்சான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா அழவில்லை.

"தாகம் எடுத்துதா அவனுக்கு?" என்று கேட்டாள்.

அவர் கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எடுத்துதும்மா. எம் பாட்டில்லதான் தண்ணி கெடந்துது. நான் வாய் வச்சுக் குடிச்ச பாட்டிலு. எங்க ஆளுக தோல் வேலை பாக்குதவுக. அவிய என்ன ஆளுன்னு எனக்குத் தெரியும். நான்தான் யோசிச்சேன். அவியளே கைய நீட்டினாவ. குடுத்துட்டேன். நீங்க தப்பா எடுக்கப்பிடாது."

"வயறு நெறையக் குடிச்சானா?"

"பாதி பாட்டில்தாம்மா இருந்துது. அம்புட்டும் அவியளுக்குத்தான்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். நாங்கள் தினமும் புழங்கும் வெண்கல டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்ளப் போனார்.

"தூக்கிக் குடிக்க வேண்டாம். வாய் வெச்சே குடி" என்றாள் அம்மா.

அப்பா தடுக்கவில்லை. வந்தவர் குடித்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து அம்மா கேட்டாள்: "எங்க வெச்சேள் அவனை? மலை ஓரமாவா?"

"மலையா?" அவர் நிமிர்ந்தார். "அங்கன ஏதும்மா மலை? உள்ளங்கை மாதிரித் தரை. ஒரு மரம் கெடையாது. கெட்டித் தரைதான், கைய வச்சுத்தான் தோண்டுனோம். அடையாளத்துக்கு ஒரு பெட்ரோல் தகரத்த நட்டு வச்சோம்."

"தட்டையா இருக்குமே மலை. பெரிசு பெரிசாக் கள்ளி..."

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு லேசாக முகம் மலர்ந்தது.

"அது குதிரப் படத்துலல்லா வரும்! அமெரிக்கா தேசம்மா அது. எங்களுக்கும் கேம்ப்புல போடுவான், வெள்ளத் துணியக் கட்டி. நானும் கிளார்க் சாமியும் மணல்ல உக்காந்து பாத்திருக்கோம். இங்க இருக்க மணல் போதாதுன்னு அதுலயும் மணலான்னு சிரிப்பாவ."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நோக்குத் தெரியுமோ?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அவர் போன பிறகு, ஆணியில் மாட்டியிருந்த ஆபீஸ் கோட்டின் உள்பையிலிருந்து அப்பா ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்புகளில் நைந்து, நாலு துண்டாகும் நிலையில் இருந்தது. அண்ணா இறந்துவிட்டதாகக் கருத வேண்டியிருக்கிறது என்ற ராணுவக் கடிதம். அவர் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருந்தது. ஒன்றரை வருஷமாக அதைச் சட்டைக்கு மேலே சுமந்துகொண்டு ரயிலில் போய் வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றார்.

அம்மா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. "அப்போ நான் மட்டுந்தான் தேடிண்டிருந்தேனா?" என்றாள். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று ராத்திரி வழக்கம்போலச் சாதம் வடித்தாள், மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அண்ணா இறந்த தேதி அந்த லாரிக்காரருக்கு நினைவில்லை. ஆனி மாதம், வளர்பிறை, பாதி நிலா இருந்தது என்று சொல்லியிருந்தார். சாஸ்திரிகளிடம் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வாங்கி அப்பா அஷ்டமி என்று கணக்கிட்டார். மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்தார். அம்மா அதற்குப் பிறகு எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை. என்னிடம் பேசினாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள், ஆபீஸுக்கு டப்பா கட்டிக் கொடுத்தாள். எதிலும் குறைவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

ஒரு வருஷம் போனது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"கண்ணை மூடினா அந்த மலைதான்டி வர்றது. அந்தக் கள்ளி. அவனை அங்கதான் தேடறேன். அங்க இல்லைன்னு தெரியும். வேற எடம் நேக்குத் தெரியாதே."

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன். தோல் காயும் வாடைக்கு நடுவே விசாரித்து விசாரித்து அந்த லாரிக்காரர் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்துப் பதறிப்போனார். விஷயத்தைச் சொன்னேன். நான் செய்த பொய்யையும் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "வாரேம்மா. எனக்கு எழுத்து வராது. கண்டதச் சொல்லுதேன்" என்றார்.

வந்தார். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். தரை சாம்பல் நிறம். மணலைவிடச் சரளைதான் அதிகம். முழங்கால் உயரத்துக்கு முள்ளுச் செடி. காலையில் குளிர், மத்தியானம் தூரத்தில் தண்ணீர் கிடப்பதுபோலக் கானல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். லாரி மேற்கே பார்த்து நின்றது. அதன் வலது பின்சக்கரத்திலிருந்து முப்பது தப்படி.

"எந்தப் பக்கம் தலை?" என்று அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தெக்க பாத்தும்மா."

நெடுநேரம் அவள் அசையவில்லை. அவரும் நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது.

"இல்லை. வரல்லை" என்றாள்.

அவர் மேலும் இரண்டு முறை வந்தார். ஒரு முறை, கரித்துண்டு வாங்கி, தரையிலேயே லாரி நின்ற இடத்தையும் தகரம் நட்ட இடத்தையும் வரைந்து காட்டினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தாள். அவருக்குக் காபி கொடுத்தாள். பிறகு அவருக்குச் செம்பூரில் லாரி வேலை கிடைத்துப் போய்விட்டார். கரிக்கோடு தரையில் சில நாள் இருந்தது. அம்மா அதன் மேல் கால் படாமல் சுற்றி நடந்தாள். வீடு துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைத்தாள். அப்புறம் மழைக்காலம் வந்து, ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, அது தானாகவே கரைந்து போயிற்று.